ஜாக்கிரதை

வீட்டு வாசலில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று பலகை தொங்கினால் ஒதுங்கிப் போகிறோம். இன்றைய பேச்சில் இந்தச் சொல் எச்சரிக்கை மட்டுமே. 1871இல் வெளிவந்த, இன்றும் சபைகளில் வாசிக்கப்படும் பழைய தமிழ் வேதாகமத்தில் இதன் பொருள் வேறு. நீதிமொழிகள் 12:24இல் சோம்பேறிக்கு எதிரே நிற்பவர் ‘ஜாக்கிரதையுள்ளவர்’. ரோமர் 12:11இலும் அசதிக்கு எதிர்ச்சொல் இதுதான். அங்கே இது பயம் அல்ல, ஊக்கம்.

வேர் சமஸ்கிருத ‘ஜாக்ரு’: விழித்திரு என்று பொருள். விழித்திருப்பவன் ஆபத்தையும் காண்பான், வேலையையும் காண்பான். பேச்சுத் தமிழ் முதலாவதை எடுத்துக்கொண்டது. வேதாகமம் இரண்டாவதைக் காத்தது. ரோமரின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘ஸ்பூதே’. விரைவும் ஆர்வமும் சேர்ந்தது. நீதிமொழிகளின் எபிரேயச் சொல் ‘ஹாரூட்ஸ்’. கூர்மை என்ற கருத்தோடு உறவுடையது.

அன்றாடத்தில் இந்த ஜாக்கிரதை எப்படி இருக்கும்? தையல்காரர் ஒருவர் ரவிக்கையின் உட்புறத் தையலையும் பிசிறில்லாமல் முடிக்கிறார். அதை யாரும் திருப்பிப் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் நூலை இழுத்து முடிச்சிட்டு நறுக்குகிறார். மனிதருக்கென்று அல்ல, கர்த்தருக்கென்று செய்யச் சொல்லும் கொலோசெயர் 3:23இன் பொருள் அந்த முடிச்சில் இருக்கிறது.

அடுத்த முறை வேதத்தில் ‘ஜாக்கிரதை’ என்று வாசிக்கும்போது ஒதுங்கி நிற்காதீர்கள். விழித்தெழுந்து கையிலிருக்கும் வேலையைத் தொடங்குங்கள்.