பராக்கும் ஜெபமும்: ஒரு சமையற்காரத் துறவியின் கதை



"சார், ஜெபம் செய்ய உட்கார்ந்தால் மனசு எங்கெங்கோ ஓடுகிறது. பிறகு என்மேலேயே வெறுப்பு வருகிறது. அதனால் உட்காருவதையே விட்டுவிட்டேன்." உங்களில் சிலர் என்னிடம் இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள். மனம் இப்படிச் சிதறுவதைப் பழைய ஆட்கள் 'பராக்கு' என்பார்கள். பராக்கு இருக்கட்டும்; அதன்பின் வரும் அந்த வெறுப்பு நியாயமானதுதானா? வரலாற்றில் இதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டு பிரான்ஸ். 1640இல் ஜான்சன் என்ற ஆயரின் பெரிய இறையியல் நூல், அவர் இறந்தபின் வெளிவந்தது. மனிதன் எவ்வளவு கெட்டுப்போனவன் என்பதை அது மிகக் கடுமையாகச் சொன்னது. 1643இல் அவர் வழிவந்த அர்னோ, நற்கருணையை அடிக்கடி வாங்குவது பற்றி எச்சரித்து எழுதினார். "நான் தகுதியற்றவன்" என்று விலகி நிற்பதே பக்தி என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியது.

அதே 1640இல்தான் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தில் நிக்கோலா எர்மான் என்பவர் சேர்ந்தார். லொரேன் பகுதிக்காரர், முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காலில் காயம்பட்டவர். பிறகு ஒரு வீட்டில் வேலைக்காரராக இருந்தார். கையில் எடுத்ததையெல்லாம் உடைத்துவிடுவேன் என்று தன்னைப் பற்றித் தானே சொன்னவர். மடத்தில் அவர் குருவானவர் அல்ல, வேலை செய்யும் சகோதரர். பெயர் சகோதரர் லாரன்ஸ். கொடுத்த வேலை சமையல். அதுவோ அவருக்குப் பிடிக்காத வேலை. பிறகு செருப்புத் தைத்தார்.

எடுத்தவுடன் அவருக்கு நிம்மதி கிடைத்துவிடவில்லை. தனக்கு நரகம்தான் என்ற பயம் நான்கு ஆண்டுகள் அவரை வாட்டியது. யார் சொல்லியும் அது போகவில்லை. கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார்: கடவுள்மேல் உள்ள அன்புக்காகத்தான் இங்கே வந்தேன்; மோட்சமோ நரகமோ, சாகும்வரை அந்த அன்புக்காகவே வாழ்வேன். கணக்குப் பார்ப்பதை நிறுத்தியதும் பயமும் விலகியது.

அதன்பின் அவர் கண்ட வழி மிக எளியது. சட்டி கழுவும்போதும் கடவுளிடம் பேசுவது. தவறினால், "நீர் கைவிட்டால் நான் இப்படித்தான் செய்வேன்" என்ற பொருளில் அவரிடமே ஒப்புக்கொண்டு, அடுத்த வேலையைப் பார்ப்பது. பராக்கால் தவித்த ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தின் சாரம் இது: மனம் ஓடிவிட்டால் கலங்காதே, கலக்கம் அதை இன்னும் சிதறடிக்கும், அமைதியாகத் திரும்ப அழைத்து வா, பணக்காரர் வாசலில் நிற்கும் பேச முடியாத பிச்சைக்காரரைப் போலக் கடவுள் முன் இரு.

குழந்தை நடக்கப் பழகும்போது விழுந்தால் நாம் அடிக்கிறோமா? தூக்கி நிறுத்துகிறோம். தன் மனத்தை அவர் அப்படித்தான் நடத்தினார்.

1691இல் அவர் இறந்தார். அவரோடு உரையாடிய ஜோசப் தெ போஃபோர் என்ற குருவானவர், அவருடைய பேச்சையும் கடிதங்களையும் தொகுத்தார். கத்தோலிக்கத் துறவியின் அந்த வார்த்தைகளை, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் நூல் வரிசையில் சேர்த்துக்கொண்டார். சபைச் சுவரைத் தாண்டி அது போனதற்குக் காரணம், பராக்கு எல்லாச் சபையிலும் இருப்பதுதான்!

இருநூறு ஆண்டுகள் கழித்து, அதே கார்மேல் சபையில் லிசியே நகர் தெரேசா (1873–1897). ஜெபத்தில் தூங்கிவிடுவதாக அவர் வெளிப்படையாக எழுதிவைத்தார். அதற்காக வருந்தவும் இல்லை: விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்குப் பிள்ளை பிள்ளைதானே என்பது அவர் எண்ணம். 1997இல் திருச்சபை இவரை மறைவல்லுநராக அறிவித்தது.

இவர்கள் சோம்பலுக்கு இடம் கொடுத்தவர்கள் அல்ல. லாரன்ஸ் ஐம்பது ஆண்டுகள் மடத்தில் உழைத்தவர். தன்னைத் திட்டிக்கொள்ளச் செலவாகும் நேரத்தை, திரும்பி வருவதற்குச் செலவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே பிள்ளைகளே, ஜெபத்தை விட்டுவிட்டவர்கள் இன்று ஐந்து நிமிடம் உட்காருங்கள். மனம் பத்து முறை ஓடினால் பத்து முறை கூப்பிடுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். அந்த வேலையை ஆயுள் முழுக்கச் செய்தவன் சொல்கிறேன், ஜெபத்துக்கு அது தேவையில்லை.

எல்லோரும் நலமாக இருங்கள்.