ஓடும் வண்டியில் குளிர்: ஐஸ் கப்பல் முதல் பந்திப்பூர் கேட் வரை

மைசூர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் மகாராணியின் சலூன் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். 1899-ஆம் வருடத்துப் பெட்டி. சமையலறை, சாப்பாட்டு இடம், கழிப்பறை எல்லாம் உள்ளேயே உண்டு. இன்றைய மோட்டார்ஹோமுக்குப் பாட்டி என்றே சொல்லலாம் :-) ஃபிரிட்ஜ் மட்டும்தான் கிடையாது. இருக்கவும் முடியாது. அப்போது மைசூருக்கே மின்சாரம் வரவில்லை. 1902-ல் சிவனசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தபோதும் மின்சாரம் முதலில் போனது கோலார் தங்கச் சுரங்கத்துக்கு. மைசூர் நகரம் 1908 வரை காத்திருந்தது.

இன்று வண்டியில் ஃபிரிட்ஜ் வைப்பது பெரிய விஷயமில்லை. இன்ஜினை நிறுத்தியபிறகு அதை ஓட வைப்பதுதான் பாடு. கைக்குழந்தையோடும், இன்சுலின் போடும் அப்பா அம்மாவோடும் ஊருக்குப் போய்வரும் நம் குடும்பங்களுக்கு இது கவலைதான். ஆனால் இந்தப் பிரச்னை புதிதல்ல. நமக்கு முன்னால் பலர் இதைச் சமாளித்திருக்கிறார்கள்.

முதலில் ஐஸ் கப்பல். 1833 மே மாதம் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் டூடர் என்ற வியாபாரி, குளத்தில் வெட்டிய ஐஸ் சுமார் 180 டன் ஏற்றி கல்கத்தாவுக்கு அனுப்பினார். நாலு மாசக் கடல் பயணம், நடுவில் பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். வந்து சேர்ந்தது சுமார் 100 டன்! ஒரு யூனிட் மின்சாரம் செலவில்லை. இடைவெளி இல்லாமல் அடுக்குவது, மரத்தூள் மாதிரி வெப்பம் புகாத பொருளால் மூடுவது, இவ்வளவுதான் அந்த வியாபாரத்தின் வித்தை. 1842-ல் சென்னைக் கடற்கரையில் இதற்காகவே கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

அடுத்தது ரயில். பம்பாயிலிருந்து பெஷாவர் போன ஃபிரான்டியர் மெயிலில் 1934-ல் குளிரூட்டிய பெட்டி வந்தது. ரயில் பெட்டிக்கு அன்று மின்சாரம் எங்கிருந்து? சக்கரத்தின் அச்சோடு சுற்றும் டைனமோ. வண்டி ஓடினால் வரவு. நின்றால் பேட்டரியிலிருந்து செலவு. நம் மோட்டார்ஹோமின் நிலைமை அப்படியே இதுதான், இல்லையா? அதனால் குளிரை உண்டாக்கும் வேலையை மின்சாரத்துக்குக் கொடுக்கவில்லை. பெட்டியின் அடியில் ஐஸ் கட்டிகளை அடைத்தார்கள், மின்விசிறி அந்தக் குளிர்காற்றை உள்ளே தள்ளியது. வழியில் சில ஸ்டேஷன்களில் புது ஐஸ் ஏற்றினார்கள்.

மூன்றாவது, ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள். பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ். 1922-ல் இவர்கள் கண்டுபிடித்த ஃபிரிட்ஜில் மோட்டாரே கிடையாது. ஒரு சின்னச் சுடரின் சூட்டில் அமோனியா ஆவியாகி, குளிர்ந்து, மறுபடி நீரில் கரைந்து சுற்றிச் சுற்றி வரும். 1925-ல் எலக்ட்ரோலக்ஸ் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மின்சாரம் எட்டாத இடங்களில் மண்ணெண்ணெயில் ஓடியது, பிறகு காரவான்களில் கேஸில் ஓடியது. இதைப் பேட்டரியில் போட்டால்தான் வம்பு. சுடர் தரும் சூட்டை மின்சாரம் தர வேண்டும். சுமார் 120 வாட், இடைவிடாமல்.

இப்போது நம் தொழில் புத்தி. மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் சாலையில், பந்திப்பூர் காட்டுக்குள் 2009-லிருந்து இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விடுவதில்லை. தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்பது மணி நேரம் நிற்க வேண்டியதுதான்.

கணக்கில் இருப்பு: 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி. பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 50 எப்போதும் மினிமம் பேலன்ஸ், எடுக்கக்கூடியது மீதி 50.

சுடர் வகை ஃபிரிட்ஜை 12 வோல்ட்டில் விட்டால் மணிக்கு 10 ஆம்பியர். ஐந்து மணி நேரத்தில், அதாவது ராத்திரி இரண்டு மணிக்குக் கணக்கு தீர்ந்தது. விடியும்வரை என்றால் 90 வேண்டும்.

12 வோல்ட் கம்ப்ரசர் வகை ஓடும்போது சுமார் 4 ஆம்பியர். ஆனால் விட்டுவிட்டுத்தான் ஓடும். பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தாலும் ஒன்பது மணி நேரத்துக்கு 18. காலையில் 32 பாக்கி!

இந்த 18-ஐயும் குறைக்கலாம். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைக்கும் ஐஸ்-லைன்ட் ஃபிரிட்ஜைப் பாருங்கள். சுவரைச் சுற்றி உறைந்த நீர் இருப்பதால், நாளுக்கு எட்டு மணி நேரம் தொடர்ந்து கரண்ட் கிடைத்தாலே அதற்குப் போதும். டூடரின் ஐஸும் ஃபிரான்டியர் மெயிலின் ஐஸும் செய்த அதே வேலை. பேட்டரியைப் பெரிதாக்குவதற்கு முன்னால், வரவு இருக்கும்போதே குளிரைச் சேமித்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முதல் நாளே வீட்டுக் கரண்டில் வண்டி ஃபிரிட்ஜைக் குளிர வையுங்கள். வீட்டு ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில் இரண்டை அதில் வையுங்கள். காலி இடம் விடாதீர்கள். சூடான பாலை ஆறவைத்து வையுங்கள். ராத்திரி கதவைத் திறக்காமல் இருக்க, குழந்தைக்கு வேண்டியதை முன்பே வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். சுடர் வகை இருந்தால், வண்டி ஓடும்போது மட்டும் 12 வோல்ட். நின்றால் காற்றோட்டம் பார்த்து, சமதளத்தில் நிறுத்தி கேஸுக்கு மாற்றுங்கள். சாய்ந்து நின்றால் அது சரியாகக் குளிராது.

ஒன்று முக்கியம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்தால் வீண். ஐஸ் பாட்டிலை ஒட்டி வைக்காமல், ஒரு டப்பாவில் துணி சுற்றித் தள்ளி வையுங்கள், கூடவே ஒரு தெர்மாமீட்டரும்.