வாழைச்சேனைக் கடதாசி ஆலை

இலங்கையின் கிழக்கு மாகாணத்தில், மட்டக்களப்பு மாவட்டத்தின் வாழைச்சேனையில் அமைந்துள்ள அரச தொழிற்சாலை. 1950களில் உற்பத்தியைத் தொடங்கியது.

மூலப்பொருள்: சுற்றுவட்டார வயல்களின் வைக்கோல், பின்னர் கழிவுக் கடதாசியும் பெருமளவில் சேர்ந்தது.

மீள்சுழற்சி முறை: தரம் பிரித்த கழிவுக் கடதாசியை நீரில் ஊறவைத்துக் கூழாக்குவர். கம்பி, ஊசி, பிளாஸ்டிக் முதலியவற்றைச் சல்லடையால் நீக்குவர். கூழை வலையில் பரப்பி, நீரை வடித்து, உருளைகளில் அழுத்தி உலர்த்துவர். ஒவ்வொரு சுழற்சியிலும் நார் குறுகுவதால் புதிய கூழும் கலக்க வேண்டும்.

நிலை: உள்நாட்டுப் போரால் நலிந்து, பின்னர் மூடப்பட்ட ஆலை 2021இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. கடதாசியைப் பெரிதும் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது காக்கப்பட வேண்டிய சொத்து.