திருச்சிராப்பள்ளியும் டயகமவும்: ஒரு தூரத்தின் வரலாறு

திருச்சிராப்பள்ளிக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 420 கிலோமீற்றர். விமானம் அதனை ஒரு மணி நேரமளவிற் கடந்துவிடும். அங்கிருந்து அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோட்டன் சமவெளியை அண்டிய டயகமத் தோட்டங்களை அடையவோ அதனினும் பன்மடங்கு நேரம் தேவை. இவ்விரு இடங்களையும் இணைத்த வழியின் வரலாற்றை நோக்குமிடத்து, அதன் நீளத்தை நிர்ணயித்தவை கடலும் மலையும் மட்டுமல்ல என்பது புலனாகும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருச்சி, மதுரை, சேலம் முதலிய மாவட்டத் தொழிலாளர் கங்காணியின் பின்னே கால்நடையாகக் கடற்கரையை அடைந்து, தோணியேறி மன்னார்ப் பகுதியில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். தண்ணீரின்மையும் வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரை மாய்த்தன. எனினும், கோப்பி அறுவடை முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். வழி கொடியதாயினும் மீளும் வழியும் அதுவே.

1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிய, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப்பட வேண்டியிருந்தமையால் தொழிலாளர் குடும்பங்களாய் லயன்களில் நிலைத்தனர். புகையிரதம் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடலாயிற்று. வாரக்கணக்கான நடை நாட்கணக்கான பயணமாயிற்று. ஆயினும், தொற்றுநோய்த் தடுப்பின் பேரில் தொழிலாளர் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். ஒரே கப்பலாயினும் எல்லோர்க்கும் ஒரே பயணமாக அமையவில்லை.

1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பயண நேரம் மணிக்கணக்காகக் குறுகியது. ஓராண்டு நிறைவதற்குள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. விஞ்ஞானம் தூரத்தைக் குறைத்த வேளையிலேயே சட்டம் அதனை வளர்த்தது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் சரிபாதியாக்கியது. இரு மாதங்களுள் வீசிய டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்க, கப்பல் பின்னர் இராமேசுவரத்துக்கு ஓடியது. குடும்பத்தில் ஒருவர்க்கு ஒரு நாடும் மற்றவர்க்கு மறு நாடும் வாய்த்தமையால் உறவுகள் புகையிரத மேடைகளிற் பிரிந்தன. அவ்வண்டியை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். பாட்டன் நடந்து வந்ததைவிடப் பேரன் விரைவாகவே திரும்பினான். ஆனால் அவன் மீள்வதற்கு வழி இருக்கவில்லை. 1984இல் அக்கப்பற் சேவையும் நின்றது.

எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. டயகமத் தோட்டத்து இளைஞர் ஒருவர் இன்று இலங்கைக் கடவுச்சீட்டுடன் திருச்சிக்குச் சென்று மீளலாம். அந்த ஒரு மணி நேரப் பயணத்துக்கான உரிமையைப் பெற, அவர் சமூகத்தின் ஒரு பகுதியினர் 55 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது தூரத்தை அளப்போர் மறக்கற்பாலதன்று.