கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியும் ஒரு கண்ணாடியும்

வடசென்னையில் விரல் போனால் வேலை போகும். அங்கே பலருக்குக் கைதான் முதலீடு.

1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது. 1950களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. துறைமுகம் அதற்கு வெகு முன்பே இருந்தது. இவற்றைச் சுற்றி லேத், பிரஸ், வெல்டிங் என்று சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. பிரஸ் மெஷினுக்கு இரும்புத் தகடும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான்!

இந்த விரலுக்குச் சட்டம் ஒரு விலை போட்டு வைத்திருந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ என்றால் 7. கணக்கு சரிதான். ஆனால் ஒரு ஸ்க்ரூவைப் பிடிக்க முடியாதவனுக்கு 30 சதவீதம்தான் நஷ்டமா?

இந்தக் கணக்கை மாற்ற நினைத்தவர் டாக்டர் ஆர். வெங்கடசாமி. ராயபுரம் பக்கம், பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையில் 1971-ல் கைக்காயங்களுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் வேர்விட்டதால் ஸ்டான்லியைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே ஊர் அழைத்தது. பசிக்குக் கஞ்சி ஊற்றிய இடத்திலேயே, உழைத்துச் சாப்பிடும் கையைக் காப்பாற்றும் வேலையும் ஆரம்பமானது.

சரி, கண்ணாடிக்கு வருவோம். விரலுக்குள் ஓடும் ரத்தக்குழாய் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். அதைத் தைக்கும் நைலான் நூல் தலைமுடியை விட மெல்லியது. வெறும் கண்ணால் தைத்தால் குழாயின் முன்சுவரோடு பின்சுவரும் சேர்ந்து தைபட்டுவிடும். ரத்தம் போகாது. விரல் கருகிவிடும்.

இதற்கு வந்த முதல் துணை 'லூப்'. மூக்குக் கண்ணாடியில் பொருத்திய சின்ன பைனாகுலர் மாதிரி. 1876-ல் ஜெர்மன் கண் மருத்துவர் எட்வின் சேமிஷ் இரட்டை லூப்பை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். 1921-ல் ஸ்வீடனின் கார்ல் நைலேன் காது ஆபரேஷனில் மைக்ராஸ்கோப்பைப் பயன்படுத்தினார். 1960-ல் அமெரிக்காவின் ஜூலியஸ் ஜேக்கப்சன் அதே மைக்ராஸ்கோப்பின் கீழ் மிகச் சிறிய ரத்தக்குழாய்களைத் தைத்துக் காட்டினார். 1965-ல் ஜப்பானில் கோமாட்சுவும் தமாயும் முழுதாகத் துண்டான கட்டைவிரலை ஒட்ட வைத்தார்கள்.

அப்படியானால் பெரிதாகக் காட்டும் கண்ணாடியே நல்லது என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்! பெரிதாக்க பெரிதாக்கக் கண்ணுக்குத் தெரியும் பரப்பு சுருங்கும், ஆழம் குறையும், லேசாகத் தலையை அசைத்தாலும் காட்சி ஆடும். 2.5 மடங்கு லூப் எடை குறைவு, பரப்பு அதிகம். 4 மடங்குக்கு மேல் போனால் பிரிசம் வைத்த நீள லூப் தேவை. கனம் கூடும், கழுத்து வலிக்கும். அதோடு லூப்பை அதைப் போடுபவரின் கண்களுக்கிடையே உள்ள தூரத்துக்கும், அவர் குனிந்து பார்க்கும் தூரத்துக்கும் ஏற்ப அமைக்க வேண்டும். ஒருவருடையது இன்னொருவருக்கு ஒத்துவராது.

ஆகவே தேர்வு கையில் இருக்கும் வேலையைப் பொறுத்தது. 1980-ல் வெங்கடசாமியும் சுப்பிரமணியனும் ஒரு முறையை வெளியிட்டார்கள். விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டால், அதே விரலின் பக்கவாட்டிலிருந்து முக்கோணமாகத் தோலை, நரம்போடும் ரத்தக்குழாயோடும் நகர்த்தி மூடுவது. குழாயை வெட்டித் தைக்க வேண்டியதில்லை, சேதமில்லாமல் பிரித்தெடுத்தால் போதும். இந்த மாதிரி வேலைக்கு லூப் போதும். நுனி உணர்ச்சியோடு பிழைக்கும். துண்டான விரலை ஒட்டவோ மைக்ராஸ்கோப் வேண்டும்.

அந்தச் சிறிய பிரிவு வளர்ந்து கைக்கான தனி ஆராய்ச்சி, மறுவாழ்வு நிலையமானது. 2018 பிப்ரவரியில், மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த ஓர் இளைஞருக்கு வேறொருவரின் கைகளைப் பொருத்தியதும் இதே ஸ்டான்லிதான். ஓர் அரசு மருத்துவமனை!

சட்டத்தின் அட்டவணை விரல் போன பிறகு கணக்குப் பார்க்கும். லூப் மாட்டிய டாக்டரோ அந்தக் கணக்கே எழுதப்படாமல் இருக்கக் குனிந்து தைக்கிறார். இரண்டில் எது லாபம் என்று பிரஸ் மெஷின் முன்னால் நிற்பவரைக் கேட்டால் தெரியும்.