பூசுவதா, விழுங்குவதா? வைட்டமினும் தோலும் குறித்து ஒரு மறுபரிசீலனை

வைட்டமினைத் தோலில் பூசினால் பலன் அதிகமா, மாத்திரையாக விழுங்கினால் அதிகமா என்ற கேள்வி தோல் மருத்துவரின் அறையிலும் அழகுப் பொருள் விளம்பரத்திலும் ஏறத்தாழ ஒரே சொற்களில் எழுகிறது. இரண்டு இடங்களிலும் அடியில் கிடக்கும் அனுமானம் ஒன்றே: வைட்டமின் ஓர் ஊட்டம், அது தோலைச் சேர இரு பாதைகள் உண்டு, எது குறுக்குவழி என்று கண்டுகொண்டால் போதும். இந்த அனுமானம் தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். குறைபாடுள்ள உடலில் வைட்டமின் உணவாக வேலை செய்கிறது. குறைபாடற்ற உடலில் அது பலன் தந்ததாக நிறுவப்பட்ட இடங்களைப் பார்த்தால், அங்கெல்லாம் மருந்தாகவே வேலை செய்திருக்கிறது. எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பது இதற்கு அடுத்த கேள்வி.

வைட்டமின் சி-யிலிருந்து தொடங்கலாம். கொலாஜன் இழைகள் முறுக்கேறி உறுதிபெற இது வேண்டும். இல்லாவிட்டால் ஈறு வீங்கும், மயிர்க்கால்களைச் சுற்றி இரத்தம் கசியும், ஆறிய புண்ணும் பிளக்கும். 1747இல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி எனும் இக்குறைநோய் கண்ட மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துத் தேற்றியது வாய்வழியேதான். ஆனால் பற்றாக்குறை தீர்ந்தபின் அதே வாய்வழி மிகக் கறாராகிவிடுகிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்க் லெவினும் சகாக்களும் ஏழு ஆரோக்கியமான ஆண்களிடம் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நாளுக்கு 100 மில்லிகிராமிலேயே வெள்ளணுக்கள் நிறைவுநிலையை எட்டின. ஒரே வேளையில் 500 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுத்தபோது குடல் உறிஞ்சும் விகிதம் குறைந்தது; உறிஞ்சியதையும் சிறுநீரகம் வெளியேற்றியது. நன்றாக உண்பவர் 1000 மில்லிகிராம் மாத்திரையால் தன் தோலுக்கு எதையும் பெரிதாகச் சேர்த்துவிட முடியாது.

இங்கே விற்பனைத் தரப்பு ஒரு வாதத்தை வைக்கிறது: உண்ட சத்தை மற்ற உறுப்புகள் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம்மீதிதான் தோலுக்கு வருகிறது, ஆகவே நேராகப் பூசுங்கள் என்று. கேட்க நியாயமாக இருக்கும் இந்த வாதம் உடலியலோடு ஒட்டவில்லை. இரத்த நாளங்களே இல்லாத மேல்தோலில், இரத்தம் ஓடும் அடித்தோலைவிட வைட்டமின் சி-யின் செறிவு கூடுதல். அதை இழுத்துச் சேர்க்கத் தோல் செல்களுக்கென்று கடத்துப் புரதங்கள் உள்ளன. தோல் தனக்கு வேண்டியதைப் போராடி வாங்கிக்கொள்ளும் உறுப்பு. பந்தியில் கடைசி இலைக்குக் காத்திருப்பது அன்று.

அப்படியானால் பூசுவது வீணா? அதுவும் இல்லை. ஆனால் பூசும்போது நாம் எதிர்கொள்வது தோலின் மேற்பரப்பிலுள்ள இறந்த செல் அடுக்கை. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராத தடிமன். ஆயினும் உடலின் மிகத் திறமையான தடுப்பு. சுமார் 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறுகள் அதை எளிதில் கடப்பதில்லை. வைட்டமின் சி-யின் எடை 176தான் என்றாலும் நீரில் அது மின்னேற்றம் பெற்று நிற்பதால் தடுக்கப்படுகிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஷெல்டன் பின்னெல் குழு 2001இல் பன்றித்தோலில் காட்டியது இதைத்தான்: கரைசலின் பி.எச். 3.5க்குக் கீழே இருந்தால்தான் அது உள்ளே இறங்குகிறது. 20 விழுக்காடு வரை செறிவு கூடக்கூட உறிஞ்சல் கூடி, அதற்கு மேல் பயனில்லை. சேர்ந்தது பாதியாகக் குறைய ஏறக்குறைய நான்கு நாள். கெடாமல் நெடுநாள் இருக்கும் என்று விற்கப்படும் மெக்னீசியம் அஸ்கார்பில் பாஸ்பேட் போன்ற வழிப்பொருள்கள் அந்த ஆய்வில் தோலின் சி அளவை உயர்த்தவே இல்லை. செறிவு, அமிலத்தன்மை, அரை ஆயுள், உச்ச வரம்பு என்று பேசத் தொடங்கிவிட்டோம். உணவைப் பற்றி யாரும் இப்படிப் பேசுவதில்லை. இது மருந்தியலின் மொழி.

வைட்டமின் ஏ குடும்பத்தில் இது இன்னும் வெளிப்படை. தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1969இல் முகப்பருவுக்கும், 1986இல் வெயிலால் முதிர்ந்த தோலுக்கும் ட்ரெட்டினாயின் பூச்சின் பயனை எழுதினார். வழக்கமான செறிவு 0.025 முதல் 0.1 விழுக்காடு; அதற்கே தோல் சிவந்து உரிகிறது. உண்ணும் வைட்டமின் ஏ-யையோ கல்லீரல் சேமித்து, இரத்தத்தில் ஏறும் அளவைக் கட்டுப்படுத்தி வைக்கிறது. போதுமான அளவு உள்ளவர் கூடுதலாக உண்டு தோலில் அந்த விளைவைப் பெற முயன்றால் முன்னே வருவது நச்சுத்தன்மை. விழுங்கும் ஐசோட்ரெட்டினாயின் கடுமையான பருவை அடக்குகிறது, உண்மைதான். கருவுற்ற பெண் உட்கொண்டால் சிசுவுக்குக் கொடிய ஊனம் விளைவிக்கக்கூடியதும் அதுவே.

இதுவரை சொன்னதை வைத்து, குறைக்கு வாய், மருந்துக்குத் தோல் என்று யாரேனும் கோடு கிழிக்கலாம். எனக்கு அந்தக் கோட்டில் நம்பிக்கை இல்லை. தெற்காசிய ஊட்டவியலின் ஒரு பழைய வழக்கே அதை அழிக்கிறது. கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கோல்ஸ், முழங்கையிலும் முட்டியிலும் மயிர்க்கால்கள் முள்போல் தடித்துத் தோல் சொரசொரக்கும் நோயை 1933இல் ஃபிரைனோடெர்மா என்ற பெயரில் எழுதி, வைட்டமின் ஏ குறைவே காரணம் என்றார். குன்னூர் ஊட்டவியல் ஆய்வகத்தின் காலம் தொட்டே அந்த விளக்கம் கேள்விக்குள்ளானது. ஏ மட்டும் கொடுத்துப் பலருக்கும் குணமாகவில்லை; இன்றியமையாக் கொழுப்பு அமிலங்களும் பி தொகுதியும் கணக்கில் வந்தன. இந்தக் கொழுப்பு அமிலக் குறையை வாயால்தான் தீர்க்க வேண்டும் என்பதில்லை. குடல் அறுவைக்குப் பின் அக்குறை கண்ட நோயாளிகளுக்குச் சூரியகாந்தி எண்ணெயைத் தோலில் தடவியே சரிசெய்ததாக 1974இல் லான்செட் இதழில் ஒரு குழு எழுதியது. பச்சிளங்குழந்தைகளில் செய்த பிந்தைய ஆய்வு அதே பலனைக் காணவில்லை. ஆயினும் தோல் வழியே ஊட்டமும் நுழையக்கூடும் என்ற அளவுக்கு அந்தச் சான்று நிற்கிறது.

எதிர்ப்புறத்தில், விழுங்கும் வைட்டமின் மருந்தாகும் வழக்கும் உண்டு. சிட்னியில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், முன்பே தோல் புற்றுநோய் கண்ட 386 பேரில் ஒரு பாதியினர் ஓராண்டு நாளுக்கு 1000 மில்லிகிராம் நிக்கோட்டினமைடு என்ற நியாசின் வடிவத்தை உட்கொண்டனர். மெலனோமா அல்லாத புதிய புற்றுநோய்கள் அவர்களிடம் 23 விழுக்காடு குறைந்தன. வளர்ந்த ஒருவருக்கு நாள்தோறும் வேண்டிய நியாசின் சுமார் 15 மில்லிகிராம். அதைப்போல அறுபது மடங்குக்கு மேற்பட்ட அளவை ஊட்டம் என்று சொல்ல முடியாது. நிறுத்தியதும் பலனும் நின்றுபோனது. உறுப்பு மாற்றுப் பெற்றவர்களிடம் செய்து 2023இல் வெளியிட்ட ஆய்வில் பலனே தெரியவில்லை. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்க வேண்டிய பொருள் இது.

வைட்டமின் ஈ இரு வழியிலும் ஏமாற்றியது. அறுவைத் தழும்பில் பூசிய சிறு ஆய்வொன்றில் (1999) தழும்பு மேம்படவில்லை. மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமைத் தடிப்பு வந்தது. நாளுக்கு 400 அலகு விழுங்கிய ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியதாக 2011இல் பெரிய அமெரிக்க ஆய்வு சொன்னது. தலைமுடிக்கும் நகத்துக்கும் பரவலாக விழுங்கப்படும் பயோட்டினுக்கு வேறொரு சிக்கல்: மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் சோதனையையே அது பொய்யாக்கலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2017இல் எச்சரித்தது.

சட்டம் இன்னும் வாசலைப் பார்த்தே பிரிக்கிறது. இந்தியாவில் ட்ரெட்டினாயின் களிம்பு மருத்துவர் சீட்டுக்கு உட்பட்ட மருந்து. அதற்கு வேதியியலில் இரண்டே படி முந்திய ரெட்டினால், கிரீமில் கலந்தால் அழகுப் பொருள். சத்து மாத்திரையோ உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் கீழ் உணவு. இதனால் சொரியாசிஸ் நோயாளியிடம் வைட்டமின் டி வழிப்பொருளான கால்சிபோட்ரியாலை வாரத்துக்கு 100 கிராமுக்கு மேல் பூசாதீர்கள், இரத்தத்தில் கால்சியம் ஏறும் என்று மருத்துவர் எச்சரிக்கும் அதே ஊரில், வைட்டமின் சி சீரத்தின் புட்டியில் 20 விழுக்காடு என்ற எண் பெரிதாக அச்சாகி, அந்த எண்ணுக்குப் பொருள் தரும் பி.எச். அளவு எங்கும் எழுதப்படாமல் விற்பனையாகிறது. செறிவையும் பி.எச். அளவையும் திறந்தபின் கெடும் காலத்தையும் புட்டியிலும், அன்றாடத் தேவையைப்போல எத்தனை மடங்கு என்பதை மாத்திரை அட்டையிலும் கட்டாயமாக்குவதற்குப் புதிய ஆய்வு எதுவும் வேண்டியதில்லை.