திருவனந்தபுரம் – நாகர்கோவில் வழித்தொலைவு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் சாலைவழியே சுமார் 67 கி.மீ.; இருப்புப்பாதையில் 71 கி.மீ. நேர்கோட்டில் அளந்தாலும் 60 கி.மீ.க்குக் குறையாது. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை எனத் தென்கிழக்கே செல்லும் சாலை, இஞ்சிவிளையைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. நெய்யாற்றின்கரை சுமார் 20 கி.மீ., பாறசாலை சுமார் 30 கி.மீ. மாநில எல்லை ஏறக்குறையப் பாதி வழியில் விழுகிறது.

மைல்கல் வருவதற்கு முன் இவ்வழியை நடையாலேயே அளந்தார்கள். ஒரு நாழிகையில் நடக்கும் தூரம் நாழிகை வழி. ஏழரை நாழிகை வழி ஒரு காதம், அதாவது சுமார் 10 மைல். அக்கணக்கில் நாகர்கோவில் நாலு காதத்துக்குச் சற்று மேல். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபின், அரசு அலுவலரும் வணிகரும் தறிகாரரும் இவ்வழியே போய்வந்தனர். பாலராமவர்மர் காலத்தில் பாலராமபுரத்தில் குடியேற்றப்பட்ட நெசவாளர்கள் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்களே.

அந்தப் பழைய நடைக்கணக்கு இன்றும் அழியாமலிருப்பது நவராத்திரி ஊர்வலத்தில். பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மன், வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று திருமேனிகளும் ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் செல்கின்றன. முதல் நாள் இரவு குழித்துறை மகாதேவர் கோயிலில் தங்கல். மறுநாள் இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில். மூன்றாம் நாள் தலைநகர். களியக்காவிளையில் இரு மாநிலக் காவலர்களும் நின்று மரியாதை செய்கின்றனர். இந்த வழியின் நீளத்தை உள்ளபடி உணர்த்துவது கிலோமீட்டர் எண்ணைவிட இந்த மூன்று நாள் நடைதான்.

நீர்வழியாலும் இணைக்க முயன்றார்கள். 1860இல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் குமரிமுனையை எட்டாமலே நின்றுபோயிற்று. 1938 பிப்ரவரி 20இல் திருவிதாங்கூர் அரசுப் பேருந்து தொடங்கியபோது கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரக் காசு. திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி ரயில்பாதை 1979இல் திறக்கப்பட்டது. கேரளத்தின் தெற்குக் கடைசி நிலையம் பாறசாலை.

இவ்வழியின் நடுவே மாநில எல்லை விழுந்தது 1956 நவம்பர் 1இல். அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தாய்த்தமிழகத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பகுதிகளில் நெய்யாற்றின்கரையும் உண்டு. அது கேரளத்தோடு நின்றுவிட்டது. பாறசாலைப் பக்கத்து வீடுகளில் இரு மொழியும் புழங்குவதால், எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்ததே தவிர உறவுகளைப் பிரிக்கவில்லை.

இரு நகருக்கும் இடையே விமான சேவை இல்லை. குமரி மாவட்டத்தில் விமான நிலையமே கிடையாது. மாவட்டத்தார் செல்வது திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கே. அங்கிருந்து சென்னைக்குப் பறக்க ஒன்றேகால் மணி நேரம் போதும். நாகர்கோவிலுக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரமாவது ஆகும். ரயிலில் சுமார் ஒன்றரை மணி. கழக்கூட்டம் – காரோடு புறவழிச்சாலை இப்போது நகர நெரிசலைத் தவிர்க்க உதவுகிறது.